சுவரின் தடிமன்

டுர்க்குவில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஜெல் குளிரும் என்று சொல்லித்தான் தடவினேன்.
விலா எலும்புகளுக்கு நடுவே
இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

திரையில் வென்லாவின் இதயம்.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.
ஒவ்வொரு துடிப்புக்கு முன்னும்
யோசிப்பதுபோல் ஒரு நிறுத்தம்.

இரத்த அறிக்கையில்
அமினோ அமிலங்கள் பலவும் சரியாகவே இருந்தன,
லியூசின் கொஞ்சம் கூடுதல்கூட.
"பார்த்தீர்களா?" என்றாள்.

பார்த்தேன்.
உத்தரத்தை உருவி அடுப்பெரிக்கிற வீட்டிலும்
கூரைமேல் புகை தெரியும்.

"சுவர் எவ்வளவு?"
"ஆறு மில்லிமீட்டர்."
சிறிய எண்ணைக் கேட்டதும்
பழக்கத்தில் சிரித்துவிட்டாள்.
பிறகு
திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"இதையுமா தின்றேன்?"

துடைக்கத் தாள் கொடுத்தேன்.
வயிற்றுப் பக்கம் வழிந்ததை
வழித்துப் போட்டாள்.
இடப்பக்கம் மட்டும்
அழுத்தாமல் துடைத்தாள்.