டபிள்யூ என்றால் குளிர்காலம்

மஞ்சக்குப்பத்தில் ஸ்பேர்ஸ் கடை.
ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது,
குனிந்து உள்ளே போகிறேன்.
பச்சை, சிவப்பு, தங்க நிற டப்பாக்கள்
பற்பசை விளம்பரம் மாதிரி வரிசையாகச் சிரிக்கின்றன.

"என்ன வண்டி?"
"நூத்தி இருபத்தஞ்சு சிசி. எண்பத்தோராயிரம் ஓடியிருக்கு."
"அப்ப கெட்டியா ஊத்துங்க. கெழட்டு வண்டிக்கு
இருபது டபிள்யூ ஐம்பதுதான்" என்கிறார் ஜெயசீலன்,
பில் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்.
கெட்டி என்றால் நல்லது என்பது
பாலுக்கு. சாம்பாருக்கு.

அந்த டபிள்யூ குளிர்காலமாம்.
எந்த ஊர்க் குளிர்காலம்?
எங்களுக்கு இருப்பது வெயில், புயல்,
நடுவே மார்கழியில் ஒரு பத்து நாள்
கெடிலத்தின் மேல் அடுப்புப் புகை போலப் பனி.
உறைபனியில் வண்டியை உதைத்துப் பார்த்த எவனோ
கடலூருக்கும் சேர்த்து ஓர் எழுத்து ஒதுக்கியிருக்கிறான்.

நான் ரத்தம் சுமக்கிறவள்.
காலை ஆறரைக்கு ஐஸ் பெட்டி,
ஏழு கிளினிக், நாற்பது குப்பி,
ஒன்பதுக்குள் முதலியார்பேட்டை லேப்.
"ஆயில்தான்க்கா வண்டிக்கு ரத்தம்" என்பான் மெக்கானிக்.
இல்லை தம்பி.
ரத்தத்தின் மேல் பெயர் ஒட்டியிருக்கும்.
வயது, ஆணா பெண்ணா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா.

போன மாதம் கொழுந்தன் தனஞ்செழியன்
தன் காருக்கு ஊற்றி மீந்த ஒரு லிட்டரைக் கொடுத்தான்.
"ஆயில்ல என்ன அண்ணி சாதி?"
கேட்க நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் காரின் கிளட்ச் தனியே, உலர்ந்து உட்கார்ந்திருக்கிறது.
என் வண்டியில் அது எஞ்சினோடு
ஒரே எண்ணெயில் முங்கிக் கிடக்கிறது.
அங்கே வழுக்குவது சாமர்த்தியம்.
இங்கே, பெண்ணையாற்றுப் பாலத்தின் நடுவில்,
முறுக்க முறுக்கச் சத்தம் மட்டும்
புதுச்சேரிக்குப் போனது.
ரெட்டிச்சாவடி வரை தள்ளினேன்.
பெட்டிக்குள் ஐஸ் குலுங்கியது,
பிறகு குலுங்கவில்லை.

குடிகாடு அஞ்சலாட்சி, ஐம்பத்து நான்கு, வெறும் வயிறு.
மறுநாளும் வெறும் வயிற்றோடு
கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.
"நேத்து எடுத்தது என்னம்மா ஆச்சு?"
ஆயில் என்று சொல்ல வாய் வரவில்லை.
"ஐஸ் கரைஞ்சிடுச்சு."
பாதி உண்மை.

வண்டியோடு வந்த கையேடு
ஒரு வெள்ளத்தில் ஊறிச் செங்கல்லாகியிருந்தது.
நேற்றிரவு இட்லிப் பானை ஆவியில் காட்டி
தாள் தாளாகப் பிரித்தேன்.
உத்தரவாத விதிகள் கிழிந்தன, போகட்டும்.
எழுபத்தொன்றாம் பக்கம் முழுசாக வந்தது:
பத்து டபிள்யூ முப்பது.
அடியில், எறும்பு அளவில், எம்ஏ டூ.
தொள்ளாயிரம் மில்லி.

சொல்கிறேன். ஜெயசீலன் இப்போதுதான் நிமிர்கிறார்.
"தண்ணி மாதிரி இருக்குமேம்மா."
இருக்கட்டும்.
முதல் உதையிலேயே மேலே ஏறத் தெரிந்தால் போதும்.
டப்பாவைத் திருப்பி, கண்ணாடி போட்டு,
முதுகுப் பக்கம் முழுக்கப் படிக்கிறேன்.
சிரிக்கிற பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வடித்தேன்.
கொழுந்தனின் பெருந்தன்மை
பழைய பேசினில் கறுப்பாக, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை.
புதியதில் நூறு மில்லி மிச்சம்.
"கேட்டு கத்துது அண்ணி, கீலுக்கு விட்டுக்கவா?"
விட்டுக்கோ என்றேன்.
கீல் எதையும் குடிக்கும்.