தாய்ப்பாறை: தெரியவில்லை

எருத்தேம்பதி மேய்ச்சல் வெளியில்
ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம்.
குழிக்குக் கூலி தொள்ளாயிரம்.
வழியில் போனவர்கள் எல்லாம்
யாருக்கு என்று கேட்டார்கள்.
மண்ணுக்கு என்றேன்.

முதல் ஒரு சாண் கடப்பாரைக்கு மசியவில்லை.
வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கைவரை போகிறது.
பெயர்ந்த கட்டிகளின் முகம் மினுங்கியது,
யாரோ எண்ணெய் தடவிவிட்ட மாதிரி.
இரண்டடிக்குக் கீழே
மண்வெட்டி தானாக இறங்கத் தொடங்கியது.
எனக்கு அதுதான் பயம்.
என் வீட்டுக் கிணற்றில் மூன்றாம் அடியில்
பாறை ணங்கென்று பதில் சொன்னது.
இங்கே கேட்டுக்கொண்டே போகிறேன்.
கல் என்று எடுத்தது சுண்ணாம்பு உருண்டை;
ஒரு சொட்டு அமிலத்துக்கு
சோடாபோல் நுரைத்து அடங்கிவிட்டது.

ஷைனி மேடம் ஏணி வைத்து இறங்கினார்.
கையில் ஒரு வண்ணப் புத்தகம்.
பக்கத்தின் ஓட்டைக்கு அடியில் மண்ணை வைத்துப் பார்த்து
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
பத்து ஒய்.ஆர்., மூன்றின் கீழ் ஒன்று.
எங்கள் ஊரில் அதற்குக் கறுப்பு என்று பேர்.

நீர் விட்டுப் பிசைந்து
கட்டைவிரலால் நாடாவாகத் தள்ளினார்.
நீண்டது, வளைந்தது, வெகுநேரம் யோசித்து அறுந்தது.
ஒரு துணுக்கை முன்பல்லில் வைத்துக் கடித்தார்.
"நறநறப்பு இல்ல. மாவு.
காத்து கொண்டுவந்ததும் இதுல கலந்திருக்கலாம்,"
கணவாய்ப் பக்கம் தாடையால் காட்டினார்.

அந்தக் காற்றை எனக்குத் தெரியும்.
ஆடியில் மழையைப் பாலக்காட்டிலேயே இறக்கிவிட்டு
வாசனையோடு மட்டும் வரும்.
சோற்றுத் தட்டில், டி.வி. மேல், குழந்தையின் இமையில்
அது வைத்துப் போவதைத்
தினமும் பெருக்கித் தள்ளுகிறோம்.
பெருக்காமல் விட்டால் இப்படித்தான் போல.
ஐந்தடி.

கரிசல் என்றால் எரிமலைதானே,
பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கேட்டேன்.
அது தக்காணத்தில் என்றார்.
இங்கே?
பேனாவை மூடித் திறந்தார்.

இடுப்பு ஆழத்தில் வெட்டிய சுவரைச் செதுக்கும்போது
மஞ்சளாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.
மாட்டின் காதில் குத்தும் வில்லை. பன்னிரண்டு எண்.
மேடத்துக்கு ஆச்சரியம் இல்லை:
வெயிலில் வாய் பிளந்து, மேலே கிடப்பதை விழுங்கும்,
மழையில் வாயை மூடிக்கொள்ளும்,
உள்ளே புரண்டு புரண்டு படுக்கும்,
தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண்.

ஆடுகளை விட்டுவிட்டு
குழியோரம் குந்தியிருந்த மயிலாத்தா
வில்லையை வாங்கிச் சேலையில் துடைத்தாள்,
வாசிக்கச் சொன்னாள்.
எட்டாவது எண்ணில் நான் திணற
மிச்சம் நாலையும் அவளே சொன்னாள்.

"மூணு வருசம் முந்தி செத்த செவலை.
காது வில்லை இல்லாம இன்சூரன்ஸ் இல்லைன்னு
ஏழு தடவ திருப்பி அனுப்புனாங்க.
இந்தக் காடு பூரா தேடுனேன் சாமி,
மேல மேலதான் தேடுனேன்."
சிரித்தாள்.
பிறகு, மேடத்தின் தாளைக் காட்டி,
"இதையும் அதுல எழுதுங்க" என்றாள். "சீல் வெச்சு."

அடர்த்தி, ஈரம், வேர்கள், வெடிப்பின் அகலம்,
எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.
தாய்ப்பாறை என்ற இடத்தில்
தெரியவில்லை.
பிற குறிப்புகள் காலியாக இருந்தது.
மேடம் கொஞ்ச நேரம் காற்றைப் பார்த்தார்.
எழுதினார்:
மூன்றாம் அடியில் ஒரு பசு.
சீல் ஆபீசில் இருந்தது.

அந்தியில் குழியை மூடினேன்.
வெட்டிய மண் வெட்டிய இடத்தில் அடங்கவில்லை,
முதுகுபோல் மேடு தட்டி நின்றது.
சாமான்களை எண்ணினேன்:
கடப்பாரை, மண்வெட்டி, கூடை, கயிறு.
செருப்பு ஒன்றுதான் இருந்தது.
தேடவில்லை.