அழைக்காத மாடி

பன்னிரண்டாம் மாடிப் பொத்தான் எரிகிறது.
யாரும் அழுத்தவில்லை.
லிஃப்ட் போகிறது, கதவு திறக்கிறது,
ஆளில்லாத நடைபாதையைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது,
மறுபடி போகிறது.
செந்தூலில், பங்சாரில், பூச்சோங்கில்
இருபத்தாறு வருடமாக இதைத்தான் சரிசெய்கிறேன்.
உள்ளே ஒரு ரிலே ஒட்டிப்போயிருக்கும்.
அரிசியளவு செம்பு.

அதனால்தான்
டாக்டர் சியூ யின் தாளில் படம் வரைந்தபோது
எனக்கு முதலில் புரிந்தது.
மங்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
செல்லின் மேல்தோலில் ஒரு பொத்தான்.
வெளியிலிருந்து ஒரு விரல் வந்து தொட்டால்
உள்ளே ஒன்று இன்னொன்றிடம் சொல்லும்,
அது மற்றொன்றிடம்: வளர், இரண்டாகு.
விரலை எடுத்ததும் விளக்கு அணையவேண்டும்.
மங்காவின் நுரையீரலில் அணையவில்லை.

முந்நூறு கோடி எழுத்தில் ஒன்றுதானே,
மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன்.
மங்கா பாலர் பள்ளி ஆசிரியை.
திரும்பாமலே அவள்தான் பதில் சொன்னாள்:
‘போதும்’ என்று எழுதச் சொல்வேன்.
ஒரு பிள்ளை ‘போகும்’ என்று எழுதும்.

அவள் புகை பிடித்ததில்லை.
பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள்,
ஆரஞ்சுப் பழத்தோடு.
சாம்பிராணியா. டின் மீனா. ஜாலான் ஈப்போ லாரிப் புகையா.
நானா என்று ஒருவர் கேட்காமல் கேட்டார்.
தொண்ணூற்றொன்பதிலேயே விட்டுவிட்டேன்.
இரவில், விடாத வருடங்களை எண்ணுவேன்.

சதைத்துண்டு போதவில்லை என்று மறுபடி ஊசி.
மூன்று வாரம்.
ரிப்போர்ட்டில் எண்ணூற்று ஐம்பத்தெட்டாம் இடம் என்றிருந்தது.
இடத்துக்கு ஒரு எண் இருக்கிறதே என்று
அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி.
முகவரி இல்லாத பழுதை யார் போய்ப் பார்ப்பது?

பழைய முறை, கட்டடம் முழுக்க மெயினை அணைப்பது.
இது அப்படியில்லை. ஒரே மாத்திரை,
காலையில், வெறும் வயிற்றில்.
ஒட்டிப்போன அந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
மின்சாரம் நுழையுமுன்.
ஆறு மாத மாத்திரைக்கு என் வேன் போனது.
மீதிக்கு மனுப் போட்டோம்.

ஆனாலும் மாத்திரைக்கு முகம் தெரியாது.
அதே பொத்தான் தோலிலும் இருக்கிறது,
நகக்கண்ணிலும், குடலிலும்.
மங்காவின் கன்னமெல்லாம் பதினாறு வயதுப் பருக்கள்.
டீச்சர், கொசுக்கடியா என்றன பிள்ளைகள்.
பெருவிரல் சீழ் வைத்தது.
அவள் சட்டைக்குப் பொத்தான் போடுவது என் வேலையானது.
மருந்து கேட்கிறது என்றார் டாக்டர்.
இரண்டாவது ஸ்கேனில்
எலுமிச்சை சுண்டைக்காயாகியிருந்தது.
அன்றைக்குக் காஜாங் போய் சாத்தே சாப்பிட்டோம்,
இருபது குச்சி. அவள் பதினொன்று.

பதினான்கு மாதம்.

பிறகு ஓர் இருமல், சமையலறையில்,
நான் கேட்டுவிடக்கூடாதென்று
குழாயைத் திறந்துவிட்டு.

அதே ஜீன். வேறு எழுத்து. எழுநூற்றுத் தொண்ணூறு.
மாத்திரை உட்காரும் இடத்தையே
ஒடுக்கிக்கொண்டதாம்.
என் சாவியைப் பார்த்துப் பூட்டை மாற்றிக்கொள்ளும் பழுதை
என் தொழிலில் நான் கண்டதில்லை.
கோபத்தோடு மரியாதை போல ஒன்றும் வந்தது.
மங்காவிடம் சொல்லவில்லை.

அதற்கும் ஒரு மாத்திரை இருக்கிறது.
எத்தனை மாதத்துக்கு என்று
இந்த முறை நாங்கள் கேட்கவில்லை.

நேற்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி,
எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில்,
கட்டுப்போட்ட பெருவிரலை ஒதுக்கிவைத்து
ஆள்காட்டி விரலின் கணுவால் அழுத்தினாள்.
எரிந்தது.
பதினேழு, பதினாறு என்று இறங்கி வந்தது.
கதவு திறந்ததும் விளக்கு அணைந்தது.

நாங்கள் ஏறவில்லை.
கதவு தானாக மூடும்வரை நின்றோம்.
இன்னொரு தடவை, என்றாள்.