கழித்தல் குறி

மஞ்சள் ஸ்டிக்கர் ஐந்நூறு.
ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு சின்னக் கோடு,
அப்புறம் எண், அப்புறம் சதவீதம்.
கழித்தல் முப்பது. கழித்தல் ஐம்பது.
விடிந்தால் தள்ளுபடி வெள்ளி.
ஓவுலு நகரில் மணி மூன்றுதான், வெளியே இருட்டிவிட்டது,
பனி அள்ளும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போகிறது.

ஐமோ ஈர பூட்ஸோடு உள்ளே ஓடி வந்தான்.
"படமா எடுக்கப் போறாங்களாம்."
எதை?
"சதுப்பின் சுங்கக்காரனை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.
நிலவறையில் இருநூற்றுப் பத்துப் பெட்டி,
விற்காமல் கிடக்கிறது அந்த விளையாட்டு.
அதில் எட்டு, பன்னிரண்டு வருடமாக
உறைபெட்டியின் நொண்டிக் காலுக்கு முட்டு.

குதிக்கத் தெரியாத நாயகன்.
ஒரு குடை, ஒரு பேரேடு,
தவளையிடமிருந்து வர வேண்டிய பாக்கி.
முதல் கட்டம் நாணல். இரண்டாவது மூடுபனி.
மூன்றாவதில் ஓர் ஆறு, கரையில் ஒரு மணி.
மணியை அடித்தால் மேலிருந்து பாலம் இறங்க வேண்டும்.
இறங்காது.
முப்பத்தோரு வருடமாக ஒருத்தருக்கும் இறங்கியதில்லை.

அரசின் மௌனம்தான் அந்தப் பாலம் என்று
தாம்பெரேயில் ஒரு பெண் ஆய்வேடு எழுதினாள்.
வராத பாலத்தை
ஒருவன் முதுகில் பச்சை குத்தியிருக்கிறான்,
அதாவது வெறும் ஆறும் மணியும்.

நடந்தது இவ்வளவுதான்.
எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது.
பகலில் காகித ஆலைக்குச் சம்பளக் கணக்கு நிரல்,
ராத்திரியில் பாலம்.
காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது;
துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்
ஒரு கோட்டை விட்டுவிட்டேன்.
கீழே வர வேண்டியது மேலே கிளம்பிவிட்டது.
யாராவது மணி அடிக்கும்போதெல்லாம்
திரைக்கு வெளியே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில்,
அது இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

ஐமோவுக்கும் தெரியாது.
வேலை கேட்டு வந்தபோது தையல் தெரியும் என்றுதான் சொன்னேன்.

தொண்ணூறு யூரோ போடலாமா என்று
ராத்திரி முழுக்கப் புலம்பினான்.
ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்தாயிற்று:
பழைய விளையாட்டு எல்லாமே கழித்தல் எழுபது.
"அச்சானது அச்சானதுதான்" என்று பல்லைக் கடித்தான்.
காலையில் வரிசை மருந்துக் கடை வரை நின்றது.
பதினொரு மணிக்கு உறைபெட்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது.

அடுத்த வாரம் முன்னோட்டம்.
நாற்பத்தோராவது நொடியில்
சுங்கக்காரன் குடையை வீசிவிட்டு
ஆற்றைத் தாண்டிக் குதித்தான்.
கடையில் ஒரு சத்தமில்லை.
மாலைக்குள் முப்பது பெட்டி திரும்பி வந்தது,
ஏதோ நாங்கள்தான் அவனைப் பிடித்துத் தள்ளிய மாதிரி.

மூலையில் எப்போதும் ஓடும் பழைய டி.வி.
அதன் முன்னால் ஹில்லா. பதினொரு வயது.
பள்ளி விட்டதும் வருவாள்,
கையுறையைக் கழற்றாமலே மணியை அடிப்பாள், நிற்பாள்.
முன்னோட்டம் பார்த்தியா என்றேன்.
"பாத்தேன். அது வேற ஆள்."

சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியாது.
அது இறங்காது கண்ணு,
எழுதினது நான்தான்,
கழித்தல் குறி ஒன்று போட மறந்துட்டேன்.

என்னைப் பார்த்தாள்.
என் விரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள்.
"எங்க வகுப்புல ஒருத்தன்
அந்தத் தவளையே நான்தான்னு சொல்றான்."

மறுபடி மணியை அடித்தாள்.
சிறிது நேரம் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு, எதற்கென்று தெரியவில்லை,
இரண்டு பேருமே
கடையின் கூரையை அண்ணாந்து பார்த்தோம்.