பதினான்காம் கேள்வி

கால்கோ. முயல் துரத்தும் இனம்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று
விலா எலும்புகளை எண்ணினேன்.
ஒன்பது வரை வந்தேன், அதற்குள் திரும்பிக்கொண்டது.

அந்த வாரம் வந்தவற்றுக்கெல்லாம்
பயறு, பருப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.
கொண்டைக்கடலை நேற்றே ஜெர்மனிக்குப் போய்விட்டது.
மொச்சைக்கு இருமல்.
இது லென்தேகா,
தோல் நீக்காத மைசூர்ப் பருப்பின் நிறம்.
கழுத்தில் ஒரு தையல்.
"சிப்பைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்,
யாருடைய நாய் என்று தெரியக் கூடாதில்லையா?" என்றாள் ரோசியோ,
தக்காளி விலை சொல்கிற குரலில்.
பிப்ரவரி. வேட்டை முடிகிற மாதம்.

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள்.

வேலியின் உயரம்?
வேலியே இல்லை. வயாதோலித் நகரம்,
மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
வேறு பிராணிகள்?
ஒற்றைக்கண் பூனை ஒன்று. கோபக்காரி.
பகலில் எத்தனை மணிநேரம் தனியாக இருக்கும்?
நான் ரொட்டி சுடுபவன்.
இரவு இரண்டு மணிக்குப் போய்
காலை பத்துக்கு மாவு வாசனையோடு வந்து விழுவேன்.
கால்கோவும் பகலெல்லாம் தூங்குமாம்.
"உங்கள் இருவரையும் யார் எழுப்புவது?" என்றாள் கசில்டா.
அவள் முடிவெடுத்தாயிற்று. கம்பளிகூட வாங்கியாயிற்று.
நான்தான் பதினான்கில் நிற்கிறேன்.

குடும்பத்தில் வேட்டைக்காரர் எவரேனும் உண்டா?

அபுந்தியோ என் அண்ணன்.
ஒல்மேதோவுக்கு அப்பால், கோதுமை அறுத்த நிலத்தில்
அவன் நாய்கள் ஓடிப் பார்த்திருக்கிறேன்.
மண்ணில் கால் படுகிறதா என்றே சந்தேகம் வரும்.
பொய் சொல்ல மாட்டேன், அழகு.
கை தட்டியிருக்கிறேன்.
அக்டோபரில் அவனிடம் நான்கு நாய்கள் இருக்கும்,
மார்ச்சில் இரண்டு.
மீதி எங்கே என்று
ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கு முன் உட்கார்ந்து
எவரும் கேட்டதில்லை. நானும்தான்.
பைன் காடுகள் பெரியவை.

ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள் என்றார்கள்.
சனிக்கிழமை கூட்டிவந்தோம்.
முதல் படியின் முன் நின்றது நின்றதுதான்.
படிக்கட்டு என்ற ஒன்றை அது கண்டதே இல்லை.
சீஸ் காட்டினோம்.
கசில்டா நான்கு காலில் தவழ்ந்து ஏறிக் காட்டினாள்.
இரண்டாம் மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்து
ஒன்றும் சொல்லாமல் மூடினாள்.
முக்கால் மணிநேரம்.
கேட்க வேறு ஆளில்லாமல் அண்ணனை அழைத்தேன்.
நண்பனுடைய நாய் என்றேன்.

"கழுத்தை இழுக்காதே," என்றான் உடனே.
"பின்னால் நில், தொடையில் உன் முட்டியை அண்டக் கொடு.
முன்னங்காலை ஒவ்வொன்றாக நீயே தூக்கி வை.
மூன்று படி. நான்காவதை அதுவே வைக்கும்.
காதோடு பேசு. எதை வேண்டுமானாலும் பேசு,
ஆனால் மெதுவாக."
சொல்லச் சொல்ல அவன் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது.
தன் பிள்ளைகளிடம்கூட
அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.
கடைசியில், "என்ன நிறம்?" என்றான்.

நான் சொல்லவில்லை.
இரண்டு முனையிலும் மூச்சு மட்டும்.
பிறகு வைத்துவிட்டான்.

மூன்று படி.
நான்காவதை அதுவே வைத்தது.

இத்தனை தெரிந்த ஒரு கை
கழுத்துத் தோலைக் கீறும்போது
காதோடு என்ன பேசியிருக்கும்?

ராத்திரி கம்பளியில் படுக்காமல்
அதன் ஓரத்தில், தரையில், படுத்தது.
கண் திறந்தபடி தூக்கம்.
பூனை அலமாரி மேலிருந்து
தீர்ப்பைத் தள்ளிவைத்தது.
ஒன்றரை மணிக்கு, வேலைக்குக் கிளம்புமுன்,
பதினான்கில் எழுதினேன்:
உண்டு. வேட்டையாடுபவன் ஒருவன்,
கை தட்டியவன் ஒருவன்.
இதைப் படித்துவிட்டுத் தர மறுக்கலாம்.
மறுத்தால் சண்டை போட என்னிடம் வார்த்தை இல்லை.

காலையில்தான் தெரிந்தது,
ஏறுவதற்குக் கேட்டேனே தவிர
இறங்குவதற்குக் கேட்கவில்லை என்று.
அவனை மறுபடி அழைக்கவில்லை.
தூக்கிக்கொண்டேன்.
மைதா மூட்டையைவிடக் கொஞ்சம் குறைவு,
ஆனால் மூட்டைக்கு இப்படி இதயம் அடித்துக்கொள்ளாது.
சட்டைப் பையில் படிவம்.
மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி,
காதோடு ஏதோ பேசிக்கொண்டே இறங்கினேன்.