அடிச்சாக்கு

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
வாசகசாலை மேல்மாடியில்
வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் படம்.
பெஞ்சு பத்து, வேட்டி ஒன்று.
வேட்டி திரைக்கு. ஜஸ்டஸ் சார் வீட்டில் இரவல் வாங்கி
கரையை மட்டும் உள்ளே மடித்துத் தைத்திருந்தோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ சிற்றூர்.
ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு பெட்ரோல் பங்கு,
மத்திகோட்டுக்குப் போகிற மாதிரியே செம்மண் ரோடு,
ரப்பர் மட்டும் இல்லை.
ரௌடிகள் பதினொரு பேர், துப்பாக்கி ஒன்று.
எடுத்தவரிடம் பணமில்லை.
தன் முறை வரும்வரை ஒவ்வொருவனும்
சட்டைக்குள் கையை விட்டபடி
முறைத்துக்கொண்டு நிற்பான்.

தமிழ் வசனவரி நான் தட்டியது.
டான் என்பதா தாதா என்பதா என்று
இரண்டு ராத்திரி மண்டையை உடைத்து
மொதலாளி என்று போட்டேன்.

ஆள் வராது என்றுதான் நினைத்தோம்.
அண்டியாபீஸ் விட்டு
பெண்கள் பதினான்கு பேர் படியேறி வந்தார்கள்.
நோட்டீசில் சாக்குமூட்டையைப் பார்த்தார்களாம்.
விரலெல்லாம் தோட்டெண்ணெய் தின்ற கறுப்பு.
முன்பெஞ்சில் றோஸ்லெட்,
செருப்பைக் கழற்றிவிட்டு.

கதை இதுதான்:
அந்த ஊர் அண்டிக்கு மூட்டைக்கு இவ்வளவென்று
வெட்டு வாங்குகிறவன் அடெலினோ.
அழகன். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவன்.
துறைமுகத்தில் சரக்கு எடை குறைகிறது.
பழி, கணக்குப்பிள்ளை துவார்த்தே தலையில்.

கிடங்கு. நடுச்சாமம்.
துவார்த்தேயை முட்டுக்குத்த வைத்து
அடெலினோ கத்தியால் அடிச்சாக்கைக் கிழிக்கிறான்.
அண்டி கொட்டுகிறது.

"எடே, நிறுத்து."
நிறுத்தினேன்.
"ஒருக்கா கூட போடு."
போட்டேன்.
"கேட்டியா? ஒணங்கின அண்டி கலகலன்னு விழும்.
இது பொத்து பொத்துன்னு விழுது.
எடைக்கு நனச்சிருக்காம்."
"ஆரு?"
"கெடங்குக்க சாவி ஆருக்க கையில?"

பதினான்கு பேரும் அடெலினோவின் இடுப்பைப் பார்த்தார்கள்.
முதல் காட்சியிலிருந்தே தொங்குகிறது சாவிக்கொத்து.
நாற்பது தடவை பார்த்த நான்
அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

படத்துக்கே அது தெரியாது.
துவார்த்தே செத்தான், ஒற்றைக் குண்டில்.
பிறகு எதிராளி சுட்டு அடெலினோவும் செத்தான்.
ஊரே குடை பிடித்து அழுதது.
ஹாலில் ஒரு மூக்குறிஞ்சல் இல்லை.
ஆள் பற்றாக்குறை;
துவார்த்தேயாக நடித்தவனே அங்கி மாட்டி வந்து
குழியடியில் ஜெபம் சொன்னான்.
"கொன்னவனுக்கு, செத்தவனாக்கும் ஜெபம் சொல்லுதாம்"
என்றாள் ஜெபமலர்.
யாரும் சிரிக்கவில்லை.

பின்பெஞ்சில் இருந்த
ஆபீஸ் எடைக்காரர் வின்சிலாஸ்
சாயா வாங்காமலே இறங்கிப் போனார்.

இயக்குநருக்கு எழுதிக் கேட்டேன்.
ஒன்பதாம் நாள் பதில்:
மன்னியுங்கள், அன்றைக்கு மழை.
தார்ப்பாய் வாடகைக்குக் காசில்லை.
அண்டிகூட ஒரு வியாபாரி இரவல் தந்ததுதான்.

பஸ் ஸ்டாண்டில் றோஸ்லெட்டைப் பார்த்துச் சொன்னேன்.
"மழையா?
மழை நனச்சா மேச்சாக்கு நனையும்.
அது அடிச்சாக்கு."
திங்கள்சந்தை வண்டி வந்தது, ஏறிவிட்டாள்.

அந்த வியாபாரி யாரென்று
இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.
முதல் வரி இன்னும் வரவில்லை.