புள்ளி வட்டம்

உபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி.
இரவு பத்தே கால்.
திரையில் ஒருவன் சாரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறான்.
அவனை நிறுத்தி வைத்திருக்கிறேன்
பதினேழாவது விநாடியில்.

அவன் நெஞ்சுக்குக் குறுக்கே வரவேண்டிய வரி:
கொக்கியை மாட்டாமல் மேலே ஏறாதீர்கள்.
வந்திருப்பதோ
ககரம் ஒருபக்கம் தனியாக,
அடுத்து ஒரு கொம்பு, ஒரு கால்,
இரண்டுக்கும் நடுவே
புள்ளிகளால் வரைந்த வெறும் வட்டம்.
எழுத்து நின்றிருக்க வேண்டிய இடம் இது என்று
மென்பொருள் வைக்கும் அடையாளம்,
மூடாத குழியைச் சுற்றி நட்ட
ஆரஞ்சுக் கூம்புகள் போல.

டெஸ்மண்ட் குவெக் மதியமே சொன்னார்:
"தமிழ் மாதிரித்தானே இருக்கு, மெஹ்ரூன்?
காலையில அனுப்பிடலாம் லா."
மாதிரி இருக்கிறது.
மாதிரிதான் இருக்கிறது.

குளிர்சாதனம் ஒழுகுகிறதென்று வந்தவர்
ஏணிமேல் நின்றபடி திரையைப் பார்த்தார்.
வாய்விட்டுப் படித்தார், தடங்கலே இல்லாமல்:
கொக்கியை மாட்டாமல் மேலே ஏறாதீர்கள்.
எப்படிண்ணே படிச்சீங்க, எல்லாம் உடைஞ்சு கிடக்கே?
"பழகிப்போச்சும்மா. இங்க நம்ம எழுத்து இப்படித்தான் வரும்.
பாதிய நாமளே போட்டுக்கணும்."
சட்டைப்பைமேல் பெயர் தைத்திருந்தது: அய்யாறு.
அவர் இடுப்பில் கொக்கி எதுவும் இல்லை.
வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் போனபின் தொடங்கினேன்.
அமைப்புகளுக்குள் நாலாவது அடுக்கில்
யாரும் தொடாத ஒரு சதுரம்,
தெற்காசிய எழுத்துக்கோப்பு என்று பேர்.
தட்டினேன்.
கொம்பு துள்ளி முன்னே போனது,
கால் ஓடிவந்து பின்னே ஒட்டியது,
நடுவில் ககரம், வீட்டுக்கு வந்தவள் மாதிரி.

அதோடு முடியவில்லை.
வெள்ளை வானத்தில் வெள்ளை எழுத்து.
கறுப்பு விளிம்பு கொடுத்தால்
அது தடித்துப் புள்ளிகளை விழுங்கியது:
மாடடாமல.
விளிம்பை எழுத்துக்கு வெளியே தள்ளினேன், இரண்டு பிக்சல்.
பின்னால் ஒரு கறுப்புப் பட்டை, அறுபது விழுக்காடு,
சாரத்தின் குழாய்கள் லேசாகத் தெரியும்படி.
ஆங்கிலத்துக்கென்று அகட்டி வைத்த இடைவெளியைச்
சுழியமாக்கினேன்.
எழுத்தெழுத்தாய்த் தோன்றும் வித்தையைத் தூக்கிப்போட்டேன்;
ஏறாத என்று நின்று
பிறகு ஏறாதீ என்று திருந்தும் அந்தக் கால் நொடி
எனக்குப் பிடிக்கவில்லை.

ஆங்கில வரிக்கு இரண்டு விநாடி போதும்.
நம்முடையது நீளம், நாலரை கொடுத்தேன்.
அதற்காகச் சாரத்துக்காரன் இன்னும் இரண்டரை விநாடி
ஏறாமல் நிற்கவேண்டியிருந்தது.
நிற்கட்டும்.

பிறகு கைப்பேசியில் போட்டு,
கையை வேண்டுமென்றே ஆட்டிக்கொண்டு பார்த்தேன்,
லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து போகிறவர் போல.
அடிவரியை இயக்கப் பொத்தான்கள் மறைத்தன.
ஒரு விரலளவு மேலே தூக்கினேன்.

ஒன்றே முக்கால். கடைசிப் பேருந்து எப்போதோ போயிருக்கும்.
கணக்குச் சீட்டில் இந்த வேலைக்குப் பத்தி இல்லை.
இதர என்று போட்டு மூன்று மணி நேரம் என எழுதினேன்,
அடித்துவிட்டு ஒன்று என்று திருத்தினேன்.

அனுப்பும் முன் முழுக்க ஓட்டிப் பார்த்தேன்.
ஆங்கிலம் வந்தது. சீனம் வந்தது.
தமிழ் வந்து, நின்று, நிதானமாகப் போனது.
அடுத்தது வங்காளம்.
எனக்கு அதில் ஓரெழுத்தும் தெரியாது.
புளோக் சன்னலுக்கு வெளியே மூங்கிலில் காயும் துணிபோல
மேற்கோட்டில் வரிசையாகத் தொங்கும் எழுத்துகள்.
மூன்றாவது சொல்லில்
புள்ளிகளால் வரைந்த
ஒரு வெறும் வட்டம்.

மறுபடி நிறுத்தினேன் அவனை,
முப்பத்தோராவது விநாடியில்.